ஒண்ணே முக்கால் லட்ச ரூபா சப்வூஃபரும் ஒரே ஒரு சீட்டும்

1/ "டாக்டர், கையில ஒண்ணரை லட்சம் இருக்கு. ஒரே ஒரு டாப் சப்வூஃபர் வாங்கவா, இல்ல சுமார் விலையில ரெண்டு மூணு வாங்கவா?" போன வாரம் இன்பாக்ஸ்ல வந்த கேள்வி. "ரெண்டு வாங்குங்க"ன்னு ஒரே வரியில பொதுவுல பதில் போட்டேன். அதுக்கு விழுந்த திட்டு கொஞ்ச நஞ்சம் இல்ல. அதனால இந்த த்ரெட். நீளமா போகும். இன்னைக்கு ட்யூட்டி ஆஃப், பொறுமையா எழுதுறேன்.

2/ திட்டுனவங்க சொன்னதைச் சுருக்கினா மூணுதான். ஒண்ணு, "நாலு டப்பா வாங்குற காசுக்கு ஒரு நல்ல பெட்டி வாங்கு." ரெண்டு, "எம்.பி.பி.எஸ் படிச்சவனுக்கு ஆடியோ எதுக்கு?" மூணு, "ஒரு நல்ல சப் கேட்டிருந்தா இப்படிப் பேச மாட்ட." மூணாவதுக்கு மட்டும் முதல்ல பதில் சொல்லிடுறேன். கேட்டிருக்கேன். வாங்கியிருக்கேன். வித்தும் இருக்கேன்.

3/ மூணு வருஷம் முன்னாடி அரியர்ஸ் பணம் மொத்தமா வந்தது. 15 இன்ச், சீல்டு பெட்டி, ஒருத்தன் தனியா தூக்க முடியாத வெயிட். ஒண்ணே முக்கால் லட்சம். கடைக்காரர் டெமோ ரூம்ல போட்டுக் காட்டினப்ப நெஞ்சு அதிர்ந்தது. கையெழுத்து போட்டுட்டு வந்துட்டேன். அந்த டெமோ ரூமை வீட்டுக்கு டெலிவரி பண்ண மாட்டாங்கன்னு அப்ப தோணல.

4/ எங்க ஹால் 15 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம். செங்கல் சுவர், கான்கிரீட் தளம், டைல்ஸ். முன் சுவர்ல டிவி. பின் சுவரை ஒட்டி சோபா. சோபாவோட நடுவுல நான். சுவர் மூலைப் பக்கம் இருக்கிற ஓரத்துல மனைவி. பக்கவாட்டுச் சுவரை ஒட்டி, நீளத்துக்குச் சரியா பாதியில, அம்மாவோட கூடை நாற்காலி. சப்பை டிவிக்குப் பக்கத்து மூலையில வெச்சோம். கடைக்காரர் சொன்ன இடம்தான்.

5/ ரிசீவர்ல வர்ற ஆட்டோ கரெக்‌ஷனை என் சீட்ல மைக் வெச்சு ஓட்டினேன். அருமையா வந்தது. உண்மையிலேயே அருமை. ஒரு மாசம் ராத்திரி ட்யூட்டி முடிஞ்சு வந்து தனியா உட்கார்ந்து கேட்பேன். எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்த அன்னைக்குத்தான் பிரச்சனை ஆரம்பிச்சது.

6/ மனைவி: "ஒரே இரைச்சல், மண்டைக்குள்ள யாரோ உரல்ல இடிக்கிற மாதிரி இருக்கு, கொஞ்சம் குறைங்க." அம்மா: "பாட்டுல அடிநாதமே இல்லையே, பழைய டேப் ரெக்கார்டர்லகூட இதைவிட நல்லா இருந்துச்சுடா." ஒரே பாட்டு. ஒரே நிமிஷம். ஒரே ரூம். ஒருத்தருக்கு ஜாஸ்தி, ஒருத்தருக்கு இல்லவே இல்ல, எனக்கு மட்டும் சரி.

7/ நான் என்ன பண்ணேன் தெரியுமா? நம்ம ஓ.பி.ல சில சீனியர்கள் பண்றதைத்தான் பண்ணேன். பேஷன்ட்டை நம்பல. மனைவிக்கு "பாஸ் கேட்டுப் பழக்கம் இல்ல"ன்னேன். அம்மாவுக்கு "வயசாச்சு, காது கேட்கல"ன்னேன். கம்ப்ளெயின்ட் சொல்றவங்களைக் குறை சொல்றது, டெஸ்ட் எடுக்கிறதைவிட சுலபம்.

8/ அம்மா விஷயத்துல அது தப்பு மட்டும் இல்ல, வெட்கப்பட வேண்டிய தப்பு. வயசானா காது எப்படிக் குறையும்னு நான் படிச்சவன். பொதுவா உயர் அதிர்வெண்தான் முதல்ல போகும். "ச", "ஸ", "ஃப" மாதிரி சத்தங்கள், சலங்கை, வயலின் மேல்ஸ்தாயி எல்லாம் மங்கும். தாழ்ந்த அதிர்வெண் பெரும்பாலும் ரொம்ப நாள் தாங்கும். அம்மாவோட ஆடியோகிராமும் அப்படித்தான். அதாவது பாட்டுல அவங்களுக்கு இன்னும் முழுசா மிச்சம் இருக்கிறது பாஸ்தான். ஒண்ணே முக்கால் லட்சம் செலவு பண்ணி நான் அதைத்தான் அவங்க நாற்காலியில இருந்து எடுத்திருக்கேன்.

9/ சரி, டெஸ்ட் எடுப்போம்னு ஒரு அளவீட்டு மைக் வாங்கினேன். யூமிக்-1னு ஒண்ணு இருக்கு, யூ.எஸ்.பி.ல சொருகினா போதும். சாஃப்ட்வேர் ரூம் ஈக்யூ விசார்ட், இலவசம். மூணு சீட்லயும் காது உயரத்துல மைக் வெச்சு 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 200 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஸ்வீப் ஓட்டினேன். மூணு கோடும் ஒரே ரூம்ல எடுத்ததுன்னு சத்தியம் பண்ணாலும் யாரும் நம்ப மாட்டாங்க.

10/ 37 ஹெர்ட்ஸ் பக்கத்துல என் சீட்டுக்கும் அம்மா சீட்டுக்கும் 19 டெசிபல் வித்தியாசம். 47 ஹெர்ட்ஸ் பக்கத்துல தலைகீழ்: எனக்குப் பள்ளம், மனைவிக்கும் அம்மாவுக்கும் பெரிய மேடு. கடையில நாள் கணக்கா அலசின "இந்த சப்புக்கும் அந்த சப்புக்கும்" வித்தியாசமெல்லாம் இதுக்கு முன்னாடி தூசு.

11/ காரணம் சப் இல்ல. சுவர். எதிரெதிர் சுவர் ரெண்டுக்கு நடுவுல ஒலி போய்ப் போய்த் திரும்பும்போது, சில அதிர்வெண்கள் மட்டும் ரூமோட அளவுக்குப் பொருந்தி நின்னு ஆடும். இதைத்தான் ரூம் மோட்னு சொல்றாங்க. கணக்கு சிம்பிள்: 562-ஐ உங்க ரூமோட அடிக் கணக்கால வகுங்க. 15 அடிக்கு 37.5 ஹெர்ட்ஸ். 12 அடிக்கு 47. 10 அடி உயரத்துக்கு 56. அதோட மடங்குகள் மேல மேல வரும். (வெயில் காலத்துல ஒலி வேகம் கொஞ்சம் கூடுறதால ஒரு ஹெர்ட்ஸ் தள்ளும், அவ்வளவுதான்.)

12/ இந்த ஆட்டத்துல சுவர் ஓரம் எப்பவும் மேடு. முதல் மோடுக்கு சரியா நடுப்பாதி பள்ளம். எங்க வீட்டை இப்பப் பாருங்க. நான் பின் சுவர் ஓரம்: 37-க்கு மேடு. ஆனா அகலத்துக்கு நடுவுல: 47-க்குப் பள்ளம். மனைவி மூலையில: 37-க்கும் மேடு, 47-க்கும் மேடு. அம்மா நீளத்துக்கு நடுவுல, பக்கச் சுவர் ஓரம்: 37-க்குப் பள்ளம், 47-க்கு மேடு. அவங்க சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் கிராஃப்ல இருந்தது.

13/ ஹெர்ட்ஸ்னு சொன்னா சிலருக்குப் பிடிபடாது. பேஸ் கிடாரோட தடிச்ச கம்பியைச் சும்மா மீட்டினா 41 ஹெர்ட்ஸ். அதுல ரெண்டாவது கட்டை 46. எண்பதுகளோட இளையராஜா பாட்டுல பேஸ் கிடார் எப்படி நடக்கும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். அந்த நடையில ஒரு ஸ்வரம் காணாம போய், அடுத்த ஸ்வரம் உரல் மாதிரி இடிச்சா எப்படி இருக்கும்? அதுதான் அம்மா நாற்காலியில கேட்டது. அடிநாதம் இல்லைன்னு அவங்க சொன்னதுல என்ன தப்பு?

14/ இப்ப முக்கியமான இடம். இதைப் புரிஞ்சுக்கிட்டா மீதி எல்லாம் தானா வரும். ஆட்டோ கரெக்‌ஷன் என் சீட்டுக்கு என்ன பண்ணுச்சு? எனக்கு 37 மேடா இருந்ததால அதை வெட்டுச்சு. எனக்கு 47 பள்ளமா இருந்ததால அதை ஏத்துச்சு. அம்மா சீட்ல ஏற்கனவே 37 இல்ல, அதை இன்னும் குறைச்சுச்சு. ஏற்கனவே 47 இடிக்குது, அதை இன்னும் கூட்டுச்சு.

15/ அதாவது எனக்குப் போட்ட மருந்து அம்மாவுக்கு சைடு எஃபெக்ட். எனக்குச் சரியாகச் சரியாக அவங்களுக்கு மோசமாச்சு. ஒரே ஒரு சப் இருக்கிற வரைக்கும் எந்த ஈக்யூவாலயும் இதைத் தீர்க்க முடியாது. ஏன்னா ஈக்யூ சப்புக்குள்ள போற சிக்னலைத்தான் மாத்தும். அந்த சிக்னல் எல்லா சீட்டுக்கும் பொது. சீட்டுக்கு சீட்டு இருக்கிற வித்தியாசத்தை அது தொடவே தொடாது.

16/ "மல்ட்டி-பொசிஷன்ல மைக் வெச்சு ஓட்டுனா போச்சு"ன்னு ஒருத்தர் சொன்னார். ஓட்டினேன். எட்டு இடம். அது எல்லாத்துக்கும் சராசரி எடுத்து ஒரே கரெக்‌ஷன் போடும். ஒருத்தருக்கு சுகர் 40, இன்னொருத்தருக்கு 240, சராசரி 140, வார்டே ஓகேன்னு கையெழுத்து போடுவீங்களா?

17/ "பள்ளத்தை பவர் போட்டு நிரப்பலாம், அதுக்குத்தான் பெரிய சப்"னு இன்னொரு வாதம். 10 டெசிபல் ஏத்த 10 மடங்கு பவர் வேணும். 20 டெசிபலுக்கு 100 மடங்கு. சரி, பவர் இருக்குன்னே வெச்சுக்கோங்க. பள்ளம்ங்கிறது அந்த இடத்துல அந்த மோட் ஆடாத புள்ளி. நீங்க எவ்வளவு தள்ளினாலும் ஆடுறது மத்த இடம்தான். அம்மாவுக்காக ஏத்துற ஒவ்வொரு டெசிபலும் மனைவி தலையில விழும்.

18/ அப்போ ரெண்டு சப் என்ன பண்ணும்? ஊஞ்சலை நினைச்சுக்கோங்க. ஒருத்தர் ஒரு பக்கம் நின்னு தாளம் பிடிச்சுத் தள்ளினா ஊஞ்சல் பெருசா ஆடும். அது ஒத்தை சப். எதிர்ப்பக்கம் இன்னொருத்தர் நின்னு, அதே நேரத்துல அதே பலத்துல தள்ளினா? ஊஞ்சல் அசையாது. முன் சுவர்ல ஒண்ணு, பின் சுவர்ல ஒண்ணு வெச்சு ஒரே சிக்னல் கொடுத்தா, நீளவாக்குல 37.5 மோட் கிளம்பவே கிளம்பாது.

19/ அதோட ரெண்டையும் அந்தந்தச் சுவருக்குச் சரியா நடுவுல வெச்சா அகலவாக்குல 47 மோடும் கிளம்பாது. ஏன்? அந்த இடம் 47-க்குப் பள்ளம். ஊஞ்சலை, சங்கிலி மாட்டியிருக்கிற கொக்கியில கையை வெச்சுத் தள்ளினா ஆடுமா? அதே கதை. பள்ளத்துல உட்கார்ந்து கேட்க முடியாது. பள்ளத்துல உட்கார்ந்து அந்த மோடைக் கிளப்பவும் முடியாது. மேட்டை உண்டாக்கிட்டு ஈக்யூ வெச்சு வெட்டுறது வைத்தியம். மேடே வராம பார்த்துக்கிறது தடுப்பூசி.

20/ மிச்சம் இருக்கிறது? உயரத்துக்கான 56. ஆனா உட்கார்ந்திருக்கிற எல்லார் காதும் கிட்டத்தட்ட ஒரே உயரம். அதனால அது எல்லாருக்கும் ஒரே மாதிரி. நீளத்தோட ரெண்டாவது மோட் 75. அதுக்குப் பின் சுவர் பக்கமும் மேடு, நடுப்பாதியும் மேடு. அதுவும் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒரே மாதிரி. எல்லாருக்கும் ஒரே வியாதின்னா ஒரே மருந்து போதும். இப்ப ஈக்யூ போடுங்க. இப்பத்தான் ஈக்யூவுக்கு வேலை.

21/ இது நான் கண்டுபிடிச்சது இல்ல. ஹார்மன் கம்பெனியோட டாட் வெல்ட்டி 2002-ல "எத்தனை சப்வூஃபர் போதும்"னு தலைப்பு வெச்சே ஒரு கட்டுரை படிச்சார். 2006-ல ஆலன் டெவான்டியரோட சேர்ந்து ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி ஜர்னல்ல அடுத்தது. செவ்வக ரூம்ல சீட்டுக்கு சீட்டு வித்தியாசம் குறைய நாலு சுவரோட நடுவுலயும் ஒவ்வொண்ணு நல்லா வேலை செய்யும். எதிரெதிர் சுவர் நடுவுல ரெண்டு வெச்சாலே அதுக்குக் கிட்டத்துல வந்துடும். நாலுக்கு மேல போனா சொல்லிக்கிற மாதிரி லாபம் இல்ல. ஃபிளாய்ட் டூல் தன்னோட புத்தகத்துல இதை விரிவா எழுதியிருக்கார்.

22/ "ஹார்மன் ஸ்பீக்கர் விக்கிற கம்பெனி ஆச்சே, நாலு வித்தா அவனுக்குத்தானே லாபம்?" நியாயமான கேள்வி. மருந்துக் கம்பெனி பேப்பரைப் படிக்கும்போது நாங்களும் முதல்ல அதைத்தான் பார்ப்போம். ஆனா இங்க ஒரு வசதி இருக்கு. நீங்க யாரையும் நம்ப வேண்டாம். சூத்திரம் பள்ளிக்கூட பிசிக்ஸ்ல வர்ற நிலையலை. மைக் உங்க கையில. உங்க ரூம்ல நீங்களே அளந்து பார்க்கலாம். ஒண்ணே முக்கால் லட்சத்து சப்பை விக்கிறவர் உங்க கையில மைக் கொடுத்தாரா?

23/ கதைக்கு வருவோம். பெரிய சப்பை ஒருத்தர் 1,15,000-க்கு எடுத்துக்கிட்டார். அவருக்குத் தனி தியேட்டர் ரூம், சந்தோஷமா இருக்கார். அந்தக் காசுல ஒரே மாடல் 12 இன்ச் ரெண்டு, மொத்தம் 76,000. ஈக்யூ போட ஒரு சின்ன டி.எஸ்.பி பெட்டி. கேபிள். எல்லாம் போக கையில கொஞ்சம் மிச்சம். சோபாவைப் பின் சுவர்ல இருந்து ஒன்றரை அடி முன்னாடி இழுத்தேன், பின்னாடி ஒரு சப். டிவி ஸ்டாண்டை மாத்தி முன் சுவர் நடுவுல ஒரு சப். ரெண்டுக்கும் ஒரே சிக்னல், ஒரே லெவல், ஒரே டிலே.

24/ மறுபடி அளந்தேன். 37-ல எனக்கும் அம்மாவுக்கும் 19 டெசிபலா இருந்த வித்தியாசம் 4. மூணு கோடும் முதல் தடவையா அண்ணன் தம்பி மாதிரி இருந்தது. 56-லயும் 75-லயும் மட்டும் ஈக்யூல கொஞ்சம் வெட்டினேன். அவ்வளவுதான். அம்மாகிட்ட எதுவும் சொல்லாம அவங்க கேட்கிற பாட்டைப் போட்டேன்.

25/ அவங்க "நல்லா இருக்கு"ன்னு சொல்லல. பாட்டு பாதி போனதும் கை நாற்காலிக் கைப்பிடியில தாளம் போட ஆரம்பிச்சது. ரெண்டு பாட்டு கழிச்சு "ஏண்டா, இது அந்தப் பழைய பெட்டிதானே, ரிப்பேர் பண்ணிட்டாங்களா?"ன்னு கேட்டாங்க. ஆமாம்மா, ரிப்பேர் பண்ணியாச்சுன்னு சொன்னேன். ரிப்பேர் ஆக வேண்டியிருந்தது நான்தான்னு சொல்லல.

26/ இப்ப எதிர்வாதத்துல நியாயம் இருக்கிற இடம். மறைக்க மாட்டேன். ஒண்ணு: ரூமோட முதல் மோடுக்குக் கீழ, எங்க வீட்டுல 37-க்குக் கீழ, எத்தனை சப் எங்க இருந்தாலும் வித்தியாசம் கம்மி. அங்க காற்றைத் தள்ளுற பலம்தான் கணக்கு. 40-ல இருந்து 20 ஹெர்ட்ஸுக்கு இறங்கி அதே சத்தம் வேணும்னா கோன் நாலு மடங்கு தூரம் ஆடணும். அங்க பெரிய சப் ஜெயிக்கும். ரெண்டு: மோடை அடக்கினா அது ஓசியில கொடுத்த சத்தமும் போயிடும். சப் கொஞ்சம் கூடுதலா உழைக்கணும்.

27/ அதனால "சுமார் விலை"ன்னா குப்பைன்னு அர்த்தம் இல்ல. ஹோம் தியேட்டர் செட்ல கூட வர்ற ஆறரை இன்ச் டப்பா நாலு அடுக்கினா நாலு டப்பாதான் இருக்கும். ஒவ்வொண்ணும் தனியா 25 ஹெர்ட்ஸ் பக்கம் வரைக்கும் திணறாம இறங்கணும். அப்புறம் ஒரு கூட்டல் கணக்கு: 15 இன்ச் ஒண்ணு, பரப்புல 225 பங்கு. 12 இன்ச் ரெண்டு, 288 பங்கு. காற்றைத் தள்ளுற விஷயத்துலகூட ரெண்டு "சுமார்" சேர்ந்தா ஒண்ணும் இளைச்சவங்க இல்ல.

28/ "பெரிய சப் ஃபாஸ்ட் பாஸ், சின்ன சப் ஸ்லோ பாஸ்." இந்த வசனத்தை எத்தனை பேர் சொல்லிட்டாங்க! 37 ஹெர்ட்ஸ்ல ஒரு அலை முடியவே 27 மில்லிசெகண்ட் ஆகும். அதுல என்ன ஃபாஸ்ட்? நீங்க ஸ்லோன்னு கேட்கிறது பெரும்பாலும் பாட்டு நின்ன பிறகும் ரூம் மோட் ஓயாம இழுக்கிற இழுவை. நம்ம செங்கல், கான்கிரீட் வீட்டுல இது இன்னும் மோசம். அமெரிக்காவுல மரச்சட்டம், ஜிப்சம் போர்டு வீடு. சுவரே கொஞ்சம் பாஸைக் குடிச்சுடும். நம்ம சுவர் அப்படியே திருப்பி அடிக்கும். அங்க எழுதின ரிவ்யூவை இங்க படிச்சு வாங்குறதுல இதுவும் ஒரு சிக்கல்.

29/ "சுவர்ல ஃபோம் ஒட்டுங்க சார்"னு விக்க வர்றவங்களுக்கும் ஒரு வார்த்தை. 37 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் 30 அடி. அதுல கால் பாகம் ஏழரை அடி. ரெண்டு இன்ச் ஃபோம் அதுக்கு முன்னாடி கொசுவலை. கைதட்டல் எதிரொலி குறையும், அது வேற. பாஸ் அப்படியே இருக்கும், பணம் மட்டும் இருக்காது.

30/ "ரெண்டு மூணு சப் வெச்சா ஒண்ணை ஒண்ணு வெட்டிக்கும்." ஆமா, கண்ணை மூடிக்கிட்டு வெச்சா வெட்டிக்கும். அளந்து வெச்சா வேணாத மோடை வெட்டும். ஹாலும் டைனிங்கும் கிச்சனும் ஒண்ணா திறந்து கிடக்கிற வீடு, எல் ஷேப் வீடு, நடுச்சுவர்ல வாசக்கதவு இருக்கிற வீடு, இங்கெல்லாம் நான் சொன்ன "நடு" கணக்கு அப்படியே செல்லாது. ஏர்ல் கெட்டஸ் மாதிரி ஆட்கள் மூணு சப்பை ஒழுங்கில்லாம வேற வேற இடத்துல பரப்பி வைக்கச் சொல்றது இதுக்கும் உதவும். மைக் வெச்சுத்தான் முடிவு பண்ணணும்.

31/ ஒரு உவமை சொல்லிட்டுப் போறேன், அரசு டாக்டர் வாயில வேற என்ன வரும். தலைநகர்ல பளபளன்னு ஒரு பெரிய ஆஸ்பத்திரி கட்டினா போட்டோவுக்கு நல்லா இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு வலி எடுக்கிற கர்ப்பிணிக்கு வேண்டியது பக்கத்துல திறந்திருக்கிற ஆரம்ப சுகாதார நிலையம். பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம்னு சொல்லல. சேவை எட்டாத இடம்னு ஒண்ணு இருக்கும்போது, எட்டுற இடத்தையே மேலும் பளபளப்பாக்குறதுக்குப் பேர் முன்னேற்றம் இல்ல. உவமை ஆதாரம் ஆகாது, தெரியும். ஆதாரம் மேல கொடுத்தாச்சு.

32/ எனக்குக் கோபம் பெரிய சப் மேல இல்ல. தனி ரூம், ஒரே நாற்காலி, அதுல நீங்க மட்டும்னா தாராளமா ஒண்ணு வாங்குங்க. அந்த ஒரு சீட்டுக்கு ஈக்யூ போட்டா நல்லாவே இருக்கும். கோபம் வேற இடத்துல. நாலு பேர் வாழ்ற ஹாலுக்கு ஒருத்தர் சீட்டை மட்டும் அளந்து, அதுக்கு "ஸ்வீட் ஸ்பாட்"னு பேர் வெச்சு, மத்தவங்க சொன்னா "உனக்குக் காது இல்ல"ன்னு சொல்ற அந்தப் பழக்கத்து மேல. வீட்டுப் பணத்துல வாங்கின பொருள். ஒருத்தர் சீட்ல மட்டும் வேலை செய்யும்னா அதுக்கு ஹெட்ஃபோன் போதுமே.

33/ சரி, மருந்துச் சீட்டு:
முதல்ல மைக். சப் வாங்குறதுக்கு முன்னாடி.
562-ஐ நீளம், அகலம், உயரத்தால வகுத்து எழுதி வெச்சுக்கோங்க.
எல்லாரும் உட்கார்ற எல்லா சீட்லயும் அளங்க, உங்க சீட்ல மட்டும் இல்ல.
சோபாவைச் சுவர்ல இருந்து முடிஞ்ச அளவு விலக்குங்க. இது இலவசம்.
ஒரே மாடல் ரெண்டு, எதிரெதிர் சுவர் நடுவுல.
ஈக்யூ கடைசியில, வெட்டுறதுக்கு மட்டும். பள்ளத்தை நிரப்பாதீங்க.

34/ ஏற்கனவே ஒரு நல்ல சப் வாங்கிட்டீங்களா? விக்க அவசரப்படாதீங்க. முதல்ல இடத்தை மாத்திப் பாருங்க. சப்பைத் தூக்கி நீங்க உட்கார்ற இடத்துல வெச்சு, பாஸ் நிறைஞ்ச பாட்டைப் போட்டு, சுவர் ஓரமா தரையில தவழ்ந்து போய்க் கேளுங்க. எங்க சீரா கேட்குதோ அது சப்புக்கு ஏத்த இடம். ஆனா அது ஒரு சீட்டுக்கான வைத்தியம்தான். வீட்டுல எல்லாரும் கேட்கணும்னா, அடுத்த அரியர்ஸ் வரும்போது இன்னும் பெருசா மாத்தாதீங்க. ரெண்டாவதா ஒண்ணு சேருங்க.

35/ எந்தக் கம்பெனியும் எனக்குக் காசு கொடுக்கல. மைக் பேர் சொன்னது நான் வெச்சிருக்கிறதால. சப் பேர் வேணும்னே சொல்லல. சொன்னா மறுபடியும் பெட்டியைப் பத்திதான் பேசுவோம், ரூமைப் பத்திப் பேச மாட்டோம். கேள்வி இருந்தா கீழ கேளுங்க, நாளைக்கு ட்யூட்டி முடிஞ்சு பதில் போடுறேன். ரூமோட நீள அகல உயரம், யார் யார் எங்க உட்காருவாங்கன்னு எழுதுங்க. அது இல்லாம "எந்த சப் நல்லது டாக்டர்"னு கேட்டா பதில் கிடையாது. பேஷன்ட்டைப் பார்க்காம நான் மாத்திரை எழுதுறது இல்ல.